மணிமுடியும் துடுப்பும்: அகிலனின் வரலாற்று நாவல்கள்

கீரமங்கலத்து வாசகருக்கு அகிலன் அயலார் அல்லர். 1922இல் அவர் பிறந்த பெருங்களூர் இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது; ‘வேங்கையின் மைந்தன்’ நாயகன் இளங்கோவின் கொடும்பாளூரும் அப்படியே. ராஜேந்திர சோழனைப் பற்றிய அந்த நாவல் 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிவாஜி கணேசன் அதை மேடை நாடகமாக்கினார். பாண்டியரைப் பற்றிய ‘கயல்விழி’, 1978இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ ஆனது. விஜயநகரக் காலத்துக்கு ‘வெற்றித் திருநகர்’. இவற்றை நம் வரலாறே என்று கொண்டாடுவோரும் உண்டு, வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுவோரும் உண்டு. இரண்டுமே அவசரத் தீர்ப்பு. தோற்றவர் பக்கம் நிற்கும்போது அகிலனின் பழங்காலம் உயிர்பெறுகிறது. வென்றவர் பக்கம் சாய்ந்தவுடன் மெய்க்கீர்த்தியாகிவிடுகிறது.

பாண்டியரின் மணிமுடியையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் நூற்றாண்டில் தோற்றோடிய ராஜசிம்ம பாண்டியன் அதை ஈழத்து மன்னனிடம் அடைக்கலம் வைத்தான். சோழ மன்னன் முதலாம் பராந்தகனால் அதைக் கைப்பற்ற முடியவில்லை. ராஜேந்திரன் காலத்தில்தான் அது சோழர் கைக்கு வந்தது. வரலாற்றில் ஒரு வரியாக நிற்கும் இந்தச் செய்தியை அகிலன் கதையின் முதுகெலும்பாக்கினார். முடியைத் தேடிச் செல்பவன் இளங்கோ. அதைக் காத்து நிற்கும் ஈழ மன்னன் மகிந்தனின் மகள் ரோகிணியோ அவன்மேல் காதல் கொள்கிறாள். தந்தையின் மானமா, காதலனின் வெற்றியா என்று அவள் தவிக்கும் பக்கங்களில்தான் பதினோராம் நூற்றாண்டு நமக்கு நெருக்கமாகிறது. கோட்டை, காடு, யானைப்படை என்ற வருணனைகளை எந்தச் சரித்திரத் தொடர்கதையிலும் காணலாம். ஒரு நாட்டின் பெருமை இன்னொரு நாட்டுப் பெண்ணின் நெஞ்சில் என்ன பாரமாக இறங்குகிறது என்பதை எழுத மனத்துணிவு வேண்டும். அகிலனுக்கு அது இருந்தது.

அந்தத் துணிவு கடைசிவரை நீடிக்கவில்லை. சோழப்படை விகாரைகளை உடைத்துப் பொன்னையும் மணியையும் அள்ளிச் சென்றதாக ஈழத்தின் சூளவம்சம் குற்றம் சாட்டுகிறது. சிறைப்பட்ட மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழநாட்டில் வாழ்ந்து அங்கேயே இறந்தான் என்றும் சொல்கிறது. இவ்வளவு கனமான குற்றச்சாட்டு நாவலில் ராஜேந்திரனின் பெருமைக்குள் கரைந்துபோகிறது. இளங்கோவின் ஊரும் அப்படித்தான். கொடும்பாளூர் மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். நடுக்கோயில் கல்வெட்டு அவ்வூரை ஆண்ட வேளிர் தலைமுறைகளை வரிசையாகச் சொல்கிறது. அந்தக் குலத்திலிருந்து அகிலன் ஓர் இளவரசனை எடுத்துக்கொண்டார். குளம் வெட்டியவர், நிலவரி கொடுத்தவர், கோயிலுக்கு ஆடு விட்டவர் பற்றிய செய்திகளும் சோழர் கல்வெட்டுகளில் கொட்டிக் கிடக்கின்றன. புதுக்கோட்டை சமஸ்தானமே 1929இல் தன் கல்வெட்டுகளைத் தொகுத்து அச்சிட்டிருந்தது. கையெட்டும் தூரத்தில் இருந்த அந்த மனிதர்கள் நாவலின் மையத்துக்கு வரவில்லை.

நாவல் என்ன வரலாற்றுப் பாடமா என்று கேட்கலாம். இல்லைதான், யாரைப் பேச வைப்பது என்பது நாவலாசிரியரின் தேர்வு, அந்தத் தேர்வைத்தான் இங்கே எடைபோடுகிறோம். வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்க வைக்கும் தொடர்கதைக்கு அரசரும் காதலும் தேவைப்பட்டன என்பது இதைவிட வலுவான வாதம். விடுதலை பெற்ற புதிதில் தன் மண்ணின் பேரரசைக் கண்டு நிமிர விரும்பிய தலைமுறைக்கு அந்தப் பெருமிதம் வேண்டியிருந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். அகிலனின் சமூக நாவலான ‘சித்திரப்பாவை’க்கு 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் கிடைத்தபோது நவீன இலக்கியத் தரப்பு கடுமையாகத் தாக்கியது. அந்தக் கோபத்தில் ரோகிணி போன்ற பாத்திரத்தின் மதிப்பும் கண்ணில் படாமல் போயிற்று. பெரியவரைக் குறை சொல்லலாமா என்ற தயக்கம் கீரமங்கலத்தில் எழ வேண்டியதில்லை. மெய்நின்றநாதர் கோயிலில் 81 அடிச் சிவனுக்கு எதிரே, அவர் பாட்டிலேயே குற்றம் சொன்ன நக்கீரருக்கும் சிலை வைத்த ஊர் இது.

அகிலனால் எளிய மனிதரை எழுத முடியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. மலேசிய ரப்பர் தோட்டத் தமிழரைப் பற்றி ‘பால்மரக் காட்டினிலே’ எழுதியவர் அவர். ராஜேந்திரன் வென்ற கடாரம் என்பதும் அதே மலேசியாவின் கெடாதான். கூலியாகக் கப்பலேறிய தமிழனை அவ்வளவு அக்கறையோடு பின்தொடர்ந்த எழுத்தாளர், 1025இல் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பில் துடுப்புப் பிடித்தவனையும் அதே அக்கறையோடு பின்தொடர்ந்திருந்தால் ‘வேங்கையின் மைந்தன்’ வேறோர் உயரத்துக்குப் போயிருக்கும்.