கட்டுண்டு நின்றவர்: இரட்சணிய யாத்திரிகத்தில் ஓர் இடம்

மடத்துக்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் தவறிப்போய் ஒரு வருஷம்தான் ஆகிறது. விடிவதற்கு முன்பே மில் வேன் வந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் வீடு. துக்கத்துக்கு வந்த பிரசங்கியார் பத்து நிமிஷத்தில் விடையைச் சொல்லி முடித்தார்: எல்லாம் கர்த்தருடைய சித்தம், கேள்வி கேட்கக் கூடாது. அக்கா கேட்கவில்லை. அதற்கப்புறம் சர்ச்சுக்கும் போகவில்லை.

போன மாசம் அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு வந்தாள். "அண்ணா, இதுக்கு அர்த்தம் சொல்லுங்க." இரட்சணிய யாத்திரிகம். இயேசு கட்டுண்டு நிற்கிற இடம். அதைக் கயிறு என்று எண்ணாதீர்கள் என்கிறார் கவிஞர். தன்னைப் பகைத்த மனிதர்மேல் வைத்த அன்புதான் அந்தக் கட்டு. அதை நீக்கிக்கொள்ள வழியில்லாமல், கடவுளின் மகன் ஓர் ஏழையைப் போலத் தளர்ந்து நிற்கிறார்.

நான் சொல்லி முடித்தபோது, மகளைத் தேடி வந்து வாசற்படியில் நின்ற அக்கா கேட்டார்: "ஏங்கண்ணு, அவுக்க முடியலையா, அவுக்க மனசு வல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட விமர்சனம் ஒன்றையும் நான் படித்ததில்லை. 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பட்டம் கொடுத்து எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டோம். நெல்லைச் சீமையில் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். காவியம் அச்சில் வந்தது 1894இல். மூலம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதை. (பனியன் என்றால் எங்கள் பக்கத்தில் வேறு பொருள். அதை விடுவோம்.)

ஆங்கில நூலில் சிலுவைக்கு ஒதுக்கிய இடம் சின்னது. பயணியின் முதுகுச் சுமை அங்கே நழுவி விழும். அவன் மூன்று துள்ளு துள்ளிவிட்டு மேலே நடப்பான். கிருஷ்ண பிள்ளையால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. பயணியை வழியில் நிறுத்திவிட்டு, பாடுகளின் கதை முழுவதையும் சொல்லப் போய்விடுகிறார். கட்டுக்கோப்பு என்று பார்த்தால் பெரிய குறைதான். ஆனால் நூலில் உயிர் இருப்பது அங்கேதான். உருவகப் பகுதிகள், வெளிப்படையாகச் சொன்னால், எனக்கு அலுப்புத் தருகின்றன. பாத்திரத்தின் பெயரே குணத்தைச் சொல்லிவிடுகிறது. அவர் வாயைத் திறக்கும் முன்பே விடை தெரிந்துவிடும். நம் பிரசங்கியாரைப் போல.

கம்பரிடம் கற்றவர்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுண்டு நிற்பதில் இரண்டு பேரும் பிரிகிறார்கள். சுந்தர காண்டத்தில் அனுமனும் கட்டுப்படுகிறான். பிரம்மாஸ்திரத்துக்கு மரியாதை, இராவணனை நேரில் பார்க்க வேண்டும் என்ற கணக்கு. அறுக்கத் தெரிந்தவன் காத்திருக்கிறான். வாசகனும் பயமில்லாமல் காத்திருக்கலாம். எப்படியும் இலங்கை எரியப்போகிறது. அது 'மனசு வல்லை' வகை. மத்தேயு 26ஆம் அதிகாரத்திலும் அந்தச் சாயல் உண்டு: நான் கேட்டால் பிதா பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதர்களை அனுப்பமாட்டாரா என்கிறார் இயேசு. பிரசங்க மேடைகளுக்குப் பிடித்தது இதுதான். முடியும், ஆனால் செய்யவில்லை.

கிருஷ்ண பிள்ளை இந்த வலிமையை அந்த ஒரு பாட்டில் கைவிடுகிறார். அன்பு வைத்தவருக்கு அதை அவிழ்க்கும் உரிமை கையில் இல்லை. கட்டியவர் யார் என்று தெரிந்தும் அன்பு தளரவில்லை, அவர்தான் தளர்கிறார். சர்வ வல்லவரின் மகனை ஏழை என்று சொல்ல ஒரு காவியக் கவிஞருக்குத் துணிச்சல் வேண்டும். அதிலும் துன்பம் ஏன் வருகிறது என்று அங்கே அவர் விளக்கவே இல்லை.

இதையெல்லாம் சுருக்கி அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மனசு வல்லைன்னா அது அவரு பெருமை. முடியலைன்னா நம்மாட்டத்தானுங்களே."

பிள்ளை பேனாவை மூடாமல் கேட்டாள்: "பரீட்சையில எதைங்கண்ணா எழுதறது?"

புத்தகத்தில் இருப்பதையே எழுதச் சொன்னேன். அக்கா அந்தப் பக்கத்தை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.