மூன்றாவது அழுகை

இரவு வேலையில் என்னோடு பெட்டி அடுக்கும் பெடியன் ஒருவன் பதினாறு பக்கக் கதையொன்றைக் கொண்டுவந்து தந்தான். "சேர், எழுதுறது எப்பிடியெண்டு சொல்லித்தாற புத்தகம் தமிழில இருக்கோ?" விரிவுரையாளனாக இருந்தவனுக்கு இலகுவான கேள்விதான். ஒரு கிழமை திணறினேன்.

பிக்கரிங் நூலகத்துக்குப் போனால் ஆங்கிலத்தில் இத்தகைய நூல்கள் வரிசையாக நிற்கின்றன. ஸ்ட்ரங்க் 1918இல் தன் மாணவருக்காக அச்சிட்ட சிறு கைநூலை, அவரிடம் படித்த ஈ.பி.வைற் 1959இல் திருத்தி விரித்தார். இன்றும் விலைபோகிறது. தமிழில் அ.கி.பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா?' உண்டு. ஒற்று எங்கே மிகும் என்றறிய நல்ல துணை. ஆனால் பெடியனின் வியாதி ஒற்றுப்பிழையல்ல. அவனுடைய கதையில் தாய் மூன்று தரம் அழுகிறாள். மூன்று தரமும் ஒரே காரணத்துக்காக.

இதற்கு நன்னூற் பாயிரத்தில் பெயர் இருக்கிறது: கூறியது கூறல். நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி வகுத்துவிட்டார். பதினொரு வருடம் அதைப் படிப்பித்தேன்; பரீட்சைக்கு ஒப்புவிக்கச் செய்தேன். ஒரு மாணவனின் கட்டுரையையாவது அந்தப் பத்தையும் வைத்துத் திருத்தியதில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அது இலக்கண நூலுக்குச் சொன்னது, கதைக்கல்ல என்று நண்பர்கள் வாதிடலாம். நியாயமான வாதம். திரும்பச் சொல்லாமல் ஒப்பாரி ஏது? கதைக்கு நான் சொல்வது சி.சு.செல்லப்பாவின் 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' (1974). நடை கரடுமுரடு, இடையிடையே சலிப்பும் தரும். ஆயினும், 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்திய அந்த மனிதர் முன்னோடிகளின் கதைகளைக் கையிலெடுத்து, ஒவ்வொன்றும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். கா.சிவத்தம்பி 1967இல் எழுதியது சிறுகதையின் வரலாறு. அதில் இந்த வேலையைத் தேடுவது தவறு.

நாங்கள் என்ன செய்கிறோம்? எங்கள் சஞ்சிகைகளுக்குக் கதை வந்தால் ஒன்றில் அப்படியே போடுகிறோம், அல்லது பதிலெழுதாமல் விடுகிறோம். குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவதில்லை. அகதியின் துயரைத் திருத்துவதா என்று கூச்சம். துயரை யார் திருத்தச் சொன்னார்? மூன்றாவது அழுகையை வெட்டச் சொல்கிறேன்.

பெடியன் இரண்டை வெட்டினான். முதலாவதை வைத்துக்கொண்டான். கடைசியை வைத்திரு என்பது என் கட்சி. தேநீர் இடைவேளைகளில் இன்னும் வாதாடுகிறோம்.