வெட்டி ஒட்டிய வாக்கியங்கள்

ஹைன்ரிஹ் ப்யோலின் கதைகளில் குற்றம் நடக்கிற இடம் பெரும்பாலும் ஒரு வாக்கியம்தான். யாரோ சொன்னதை, யாரோ எழுதியதை இன்னொருவர் வெட்டுகிறார், ஒட்டுகிறார், தலைகீழாகத் திருப்பிப் போடுகிறார். போருக்குப் பிந்தைய ஜெர்மன் இலக்கியத்தில் குந்தர் கிராஸைப் போலத் தாரை தப்பட்டையோடு வருகிறவர்கள் உண்டு. ப்யோல் சத்தமில்லாமல் வந்து, வெட்டுப்பட்ட இடத்தை விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறவர். போர், சமூகம், பத்திரிகை என்று அவர் எழுதிய விஷயங்களைப் பிரித்துப் பேசுவது வழக்கம். மூன்றையும் அவர் ஒரே கண்ணால்தான் பார்த்தார் என்று எனக்குப் படுகிறது.

1917-ல் கொலோன் நகரில், கத்தோலிக்கத் தச்சர் குடும்பத்தில் பிறந்தவர். போர் தொடங்கிய 1939-லிருந்து 1945 வரை ஹிட்லரின் படையில் சாதாரணச் சிப்பாய். பிரான்ஸ், ருஷ்யா, ருமேனியா, ஹங்கேரி என்று அலைக்கழிந்து, பலமுறை காயம்பட்டு, கடைசியில் அமெரிக்கர்களிடம் கைதியானார். ஊர் திரும்பியபோது கொலோன் இடிந்து கிடந்தது. அந்தத் தலைமுறையின் எழுத்தை 'இடிபாட்டு இலக்கியம்' என்று சிலர் இளக்காரமாகச் சொன்னார்கள். 1952-ல் ப்யோல் ஒரு கட்டுரை எழுதி அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டார். பார்த்ததைத்தானே எழுத முடியும் என்பது அவர் வாதம்.

'வழிப்போக்கனே, நீ ஸ்பா...' என்ற சிறுகதை 1950-ல் வெளிவந்தது. படுகாயமடைந்த ஓர் இளம் சிப்பாயைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோகிறார்கள். பள்ளிக்கூடம், இப்போது ராணுவ மருத்துவமனை. படுத்தபடியே அவன் சுவர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான்: சீசர், சிசரோ, மகா ஃபிரெடரிக், நீட்ஷே. தான் படித்த பள்ளி மாதிரியே இருக்கிறதே என்று ஒரு சந்தேகம். ஆனால் இந்தப் படங்கள் எல்லாப் பள்ளிகளிலும்தான் மாட்டியிருக்கும், இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தானே சமாதானமும் செய்துகொள்கிறான். ஒரு நாடு முழுவதும் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தைப் புகட்டியிருக்கிறது என்பதை ப்யோல் இவ்வளவு சாதாரணமாக, ஒரு காயக்காரனின் குழப்பமாகச் சொல்லிவிடுகிறார்.

சந்தேகம் தீர்வது ஓவிய வகுப்பறையில். கரும்பலகையில் அவனுடைய கையெழுத்தே இருக்கிறது. தெர்மோபிலேயில் மடிந்த ஸ்பார்ட்டா வீரர்களைப் போற்றும் பழைய கிரேக்கக் கல்லறை வாசகத்தை, வெவ்வேறு எழுத்து வடிவங்களில் ஏழு தடவை எழுதும் பயிற்சி. ஒவ்வொரு தடவையும் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் பலகையில் இடம் போதாமல், ஸ்பார்ட்டா என்ற சொல்லே பாதியில் நின்றுபோயிருக்கிறது. அதற்காக ஆசிரியரிடம் திட்டும் வாங்கியவன். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தன் உடம்பைக் குனிந்து பார்க்கிறான். கைகள் இரண்டும் இல்லை, ஒரு காலும் இல்லை. வாசகம் அறுந்ததையும் உடல் அறுந்ததையும் ப்யோல் எங்கும் ஒப்பிட்டுப் பேசவில்லை. பலகையையும் அறுவைச் சிகிச்சை மேஜையையும் ஒரே அறையில் வைத்ததோடு அவர் வேலை முடிந்தது. வீரமரணத்தைப் புகழ்கிற அந்த வாசகம் முழுதாக எழுதப்பட்டிருந்தால் கதை பாதியாகியிருக்கும்.

அடுத்த வெட்டு கத்தரிக்கோலால் நடக்கிறது. 1955-ல் வந்த 'டாக்டர் முர்க்கேயின் மௌனத் தொகுப்பு' ஒரு வானொலி நிலையத்தில் நடக்கும் கதை. ப்யோல் எழுதியதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். புர்-மலோட்கே என்ற பிரபல அறிஞர், நாஜி ஆட்சி விழுந்த 1945-ல் திடீரென்று பக்திமானானவர். காலம் மாறிவிட்டது, பக்தி இப்போது அவருக்குச் சங்கடம். கலையைப் பற்றிப் பேசிப் பதிவு செய்த உரைகளில் 'கடவுள்' என்று வருகிற 27 இடங்களையும் வெட்டிவிட்டு, மேலான ஏதோ ஒன்று என்று பொருள்படும் ஒரு நீண்ட சுற்றுத்தொடரை ஒட்டச் சொல்கிறார். அந்த வேலை இளம் அலுவலர் முர்க்கேயின் தலையில் விழுகிறது.

இங்கேதான் ப்யோலின் குறும்பு. ஜெர்மன் மொழியில் வேற்றுமைக்கு வேற்றுமை சொல் வடிவம் மாறும். ஆகவே பேரறிஞர் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, முன்னும் பின்னும் எதுவுமில்லாமல், அந்தச் சுற்றுத்தொடரை மட்டும் எழுவாயாகவும், இரண்டாம் வேற்றுமையாகவும், நான்காம் வேற்றுமையாகவும், கடைசியில் விளியாகவும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேர்த்து விறுவிறுத்துப் போகிறார். புதுத்தொடர் நீளமானது; உரைக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை; அதனால் அவருடைய பொன்மொழிகளிலும் சில நொடிகளைக் கத்தரிக்க வேண்டிவருகிறது. அலுவலக நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றுவதைத் தவிர முர்க்கே வேறு எதுவும் செய்யவில்லை. ஒரு மனிதனின் மனசாட்சியை அம்பலப்படுத்த அதுவே போதுமானதாக இருக்கிறது.

முர்க்கேக்கு ஒரு ரகசியப் பழக்கம் உண்டு. பேச்சாளர்கள் பேச்சை நிறுத்தி மூச்சு விட்ட இடங்களை, வெட்டி எறிந்த நாடாத் துண்டுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்து, வீட்டில் போட்டுக் கேட்கிறார். கதையின் முடிவில் வேறொரு நாடகத்துக்குக் கடவுள் தேவைப்படுகிறார். ஒரு நாத்திகன் வெறுமையான தேவாலயத்தில் கேள்விகளைக் கத்துகிறான். பதிலாக மௌனம் மட்டுமே பதிவாகியிருக்கிறது. அங்கே 'கடவுள்' என்ற குரல் வந்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறார்கள். வெட்டிப் போட்ட 27 கடவுள்களும் கையிருப்பில் இருக்கிறார்களே! அவற்றை ஒட்டியதும் மிஞ்சுகிற மௌனம் முர்க்கேயின் தொகுப்புக்கு. போர் முடிந்த பத்து வருஷத்தில் ஒரு சமூகம் தன் பழைய பேச்சை எப்படித் திருத்திக்கொண்டது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான கதையை நான் படித்ததில்லை.

மூன்றாவது வெட்டில் ரத்தம் வருகிறது. 1971 டிசம்பரில் கைசர்ஸ்லாட்டர்ன் நகரில் ஒரு வங்கிக் கொள்ளை, ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். ஆதாரம் வெளியாகும் முன்பே 'பில்ட்' நாளிதழ் அதைப் பாதர்-மைன்ஹோஃப் என்ற தீவிரவாதக் கும்பலின் வேலை என்று தலைப்பிட்டது. 1972 ஜனவரியில் 'டெர் ஷ்பீகல்' இதழில் ப்யோல் அதைக் கடுமையாகக் கண்டித்தார். பயங்கரவாதிகளின் அனுதாபி என்று அவர்மீது முத்திரை விழுந்தது. ஜூனில் அவர் வீட்டில் போலீஸ் சோதனை நடந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் வந்தது. 1974-ல் 'கத்தரீனா ப்ளூமின் இழந்த மானம்' வெளியானது. பாத்திரங்கள் கற்பனை என்று முகப்பில் சொல்லும் ப்யோல், 'பில்ட்' நாளிதழின் செய்முறைகளோடு ஒப்புமை தெரிந்தால் அது தவிர்க்க முடியாதது என்றும் சொல்லிவிடுகிறார்.

வீட்டு வேலைகளைப் பொறுப்பேற்று நடத்தும் 27 வயது கத்தரீனா, ஒரு விருந்தில் சந்தித்தவனோடு ஓர் இரவைக் கழிக்கிறாள். அவன் போலீஸ் தேடுகிறவன். நான்காவது நாள் அவள் ஒரு நிருபரைச் சுட்டுக்கொல்கிறாள். கொலையை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, குட்டிக் குட்டி அத்தியாயங்களில் விசாரணை அறிக்கையின் தோரணையில் கதை பின்னோக்கி நகர்கிறது. அவளைக் கெட்டிக்காரி, நிதானமானவள் என்று பாராட்டிய முதலாளியின் பேச்சு, ஈவிரக்கமற்ற கணக்குக்காரி என்று அச்சாகிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவள் தாயைப் பெயிண்டர் வேஷத்தில் போய்ப் பார்க்கிறான் அந்த நிருபன். ஏன் இப்படி ஆயிற்று என்ற தாயின் புலம்பல், இது இப்படித்தான் முடியும் என்கிற தீர்ப்பாகப் பத்திரிகையில் வருகிறது. எளிய மனிதர்கள் தங்கள் மனதிலிருப்பதைச் சொல்லத் தான் உதவியதாக அவன் விளக்கமும் வைத்திருக்கிறான்.

விமர்சகர்களோடு நான் ஒத்துப்போகும் ஓர் இடம் உண்டு. நிருபன் டோட்கெஸ் தட்டையான வில்லன். கோபம் ப்யோலின் கையை அங்கே அவசரப்படுத்திவிட்டது. அதை ஈடுகட்டுகிற பக்கம் போலீஸ் விசாரணையில் இருக்கிறது. அவளுடைய பழைய ஃபோக்ஸ்வாகன் காரின் மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். வேலைக்குப் போய்வந்த தூரத்தைக் கழித்தாலும் பல ஆயிரம் கிலோமீட்டர் உதைக்கிறது. யாரைப் பார்க்கப் போனாள்? யாரையும் இல்லை. மழை பெய்கிற மாலைகளில் போக்கிடமில்லாமல் ஓட்டிக்கொண்டே போயிருக்கிறாள். தனியாக டெலிவிஷன் முன் உட்கார்ந்து குடிக்கிற பெண்களை அவளுக்குத் தெரியும். தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்ற பயம். குற்றத்தைத் தேடிப் போட்ட கணக்கில் ஒரு பெண்ணின் தனிமை விடையாக வருகிறது. அவளுக்கே அது அப்போதுதான் தெரிகிறது.

ப்யோலின் நடை வறண்டது என்று ஜெர்மானியர்களே குறை சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளும்படியான வரிகள் அவரிடம் குறைவு. கரும்பலகையிலும் ஒலிநாடாவிலும் முதல் பக்கத்திலும் கம்பீரமான வரிகள் என்னென்ன செய்தன என்று பார்த்த மனிதர், அப்படி ஒன்றைத் தானும் எழுத ஆசைப்படவில்லை. மேற்கோளுக்கு ஆசைப்பட்டு அவரிடம் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். கதையைப் பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு, மறுநாள் காலை நாளிதழைப் பிரிக்கும்போது மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை இன்னொரு தடவை வாசிக்கும் பழக்கம் வந்துவிடும்.