முகம் பேசிவிடுகிறது

மசாஷி தனாகாவின் 'கோன்' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையில், அதாவது மாங்காவில், ஒரு சொல்கூடக் கிடையாது. பேச்சுக் குமிழி இல்லை, கதைசொல்லியின் குரல் இல்லை. இவற்றைவிடப் பெரிய துணிச்சல், ஒலிச்சொற்களையும் அவர் கைவிட்டதுதான். மழைக்கு, காலடிக்கு, கதவுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஒலிச்சொல் வைத்திருக்கும் கலை மாங்கா. சத்தமே இல்லாத இடத்தில்கூட 'ஷீன்' என்று எழுதி நிசப்தத்தைக் காட்டுவார்கள். 1991இல் கோடான்ஷா பதிப்பகத்தின் 'மார்னிங்' வார இதழில் வரத் தொடங்கிய 'கோன்' அந்த 'ஷீன்'கூட வேண்டாம் என்றது.

தமிழில் கோன் என்றால் அரசன். கதையின் நாயகனான கோன் என்ற குட்டி டைனோசருக்கும் அது பொருந்திப்போகிறது. எந்தக் காட்டில் நுழைந்தாலும் அங்கே அது வைத்ததுதான் சட்டம்.

சொல்லில்லாத பக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு: கண் அதை நொடியில் தாண்டிவிடும். வாசகரை நிறுத்திவைப்பது வசனம்தான்; அது போய்விட்டால் வேறெதுவோ அந்த வேலையைச் செய்தாக வேண்டும். தனாகா அதைக் கோடுகளிடம் ஒப்படைக்கிறார். மயிர்க்கால், மரப்பட்டை, நீர்ச்சிதறல் என்று பேனா முனையால் நெருக்கமாக இழைத்து, கண்ணை மேய வைக்கிறார். சிங்கத்தின் மேல் ஏறிக்கொண்டு கோன் வேட்டைக்குப் போகும் கதையில், ஓட்டத்தின் வேகத்தை ஒரு சொல்லும் சொல்வதில்லை. பின்னோக்கிப் பறக்கும் பிடரியும் நிலத்தைவிட்டு எழும்பிய கால்களும் சொல்கின்றன. அந்தச் சிங்கத்தின் களைப்பை நான் தோள்பட்டையில்தான் படித்தேன். உடல் பேசும் இத்தகைய இடங்களில் இந்தக் கலைக்கு ஈடாக எதையும் சொல்லத் தோன்றவில்லை.

சிக்கல் முகத்தில் இருக்கிறது. விலங்குகள் பேசாதவை, ஆகவே அவற்றுக்கு மனித மொழியைக் கொடுக்கக் கூடாது என்பதே இந்தப் பாணியின் நியாயம். ஆனால் அதே விலங்குகள் புருவம் நெரிக்கின்றன, விழி பிதுங்கத் திகைக்கின்றன, வன்மத்தோடு முறைக்கின்றன. வாயை அடைத்துவிட்டு முகத்தில் வசனம் எழுதியதுபோல் ஆகிவிடுகிறது. கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குரிய பழைய ஓவியச் சுருள்களிலும் தவளையும் முயலும் சொல்லின்றி மல்லுக்கு நிற்கின்றன. அவை மனித வேடம் போட்டவை என்பதை ஓவியர் ஒளிக்கவில்லை. அதனால் அங்கே உறுத்தல் இல்லை. 'கோன்' இயற்கை வரலாற்று நூலின் துல்லியத்தோடு வரையப்பட்டிருப்பதால்தான், ஒரு கரடியின் முகத்தில் அவமானத்தைப் பார்க்கும்போது மனம் ஒப்ப மறுக்கிறது. பசிக்காகக் கொல்லும் விலங்கு வில்லனாகிவிடுகிறது. அதை அடித்துத் திருத்த கோன் வருகிறது.

படத்துக்கு இன்னொரு போதாமையும் உண்டு. 'இல்லை', 'ஒருவேளை', 'முன்பொருநாள்' ஆகியவற்றை வரைவது மிகக் கடினம். கோன் தன் இனத்தில் மிஞ்சிய ஒற்றை உயிராகத் தெரிகிறது. எவ்வளவு பெரிய துயரம் அது! இல்லாமல்போன இனத்தை எந்தக் கட்டத்தில் வரைவது? கதைகள் அந்தப் பக்கமே போவதில்லை. பசி, சண்டை, வெற்றி, உறக்கம் என்ற வட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜிரோ தனிகுச்சி, வயதான நாயொன்றின் கடைசி நாட்களை 'இனு ஓ காவ்' என்ற மாங்காவில் வரைந்தார். அதில் சொற்கள் உண்டு, ஆனால் மனிதர்களுக்கு மட்டும். நடக்க முடியாத நாயைத் தாங்கிப் பிடித்தபடி கணவனும் மனைவியும் கவலைப்படுகிறார்கள், பேசுகிறார்கள். நாய் எதையும் சொல்வதில்லை. அதன் முகமும் நமக்காக நடிப்பதில்லை. அது என்ன நினைக்கிறது என்று கடைசிவரை அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விலங்கின் மௌனம் என் மீது முழுப் பாரத்தோடு இறங்கியது சொற்கள் நிறைந்த அந்தப் பக்கங்களில்தான்.

இருந்தும் 'கோன்' தொகுதிகளை நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். முறைப்பும் சண்டையும் ஓய்ந்து, தின்ற களைப்பில் கோன் கண்மூடிக் கிடக்கும் கட்டங்களுக்காக. அங்கே முகத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. மூச்சில் உயரும் வயிறும் சுற்றிலும் புல்லும் மட்டும்.