51ஆம் சங்கீதத்தில் உரியா எங்கே?

மனந்திரும்புதல் என்று பேச்செடுத்தாலே 51ஆம் சங்கீதம் வந்துவிடும். சாம்பல் புதன் ஆராதனையில் அதுதான் வாசிக்கப்படுகிறது. கத்தோலிக்கத் திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை தோறும் காலையில் அதைச் சொல்கிறார்கள். தமிழ்ச் சபைகளில் அதன் பத்தாம் வசனத்தை ஜெபத்தில் சொல்லாத போதகரே இருக்க மாட்டார். பாவ அறிக்கைக்கு இதைவிட உருக்கமான ஒரு பாட்டு வேதாகமத்தில் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதன் நாலாம் வசனம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. தான் பாவம் செய்தது தேவன் ஒருவருக்கு விரோதமாக மட்டுமே என்கிறார் பாடுகிறவர். வேறு எந்தச் சங்கீதத்திலாவது இப்படி வந்திருந்தால் பெரிதாகத் தோன்றியிருக்காது. இதற்கு மேலே ஒரு தலைக்குறிப்பு இருக்கிறதே, அதுதான் சிக்கல். தாவீது பத்சேபாளிடம் போன பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் வந்தபோது பாடியது என்கிறது அந்தக் குறிப்பு. எழுதியவர் தாவீதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கே முக்கியமில்லை. அந்தக் கதையோடு சேர்த்து வாசிக்கும்படிதான் இந்தப் பாட்டு நம் கைக்கு வந்திருக்கிறது. அப்படியே வாசிப்போம்.

கதை 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களில் இருக்கிறது. படை ரப்பாவை முற்றுகை போட்டிருக்கிறது, ராஜா மட்டும் எருசலேமில் இருக்கிறார். இன்னொருவன் மனைவியை ஆளனுப்பி வரவழைக்கிறார். அவள் கர்ப்பமானதும் புருஷனைப் போர்க்களத்திலிருந்து கூப்பிடுகிறார். அந்த உரியாவோ, கூட இருக்கிறவர்கள் வெளியில் கூடாரத்தில் கிடக்கும்போது நான் மட்டும் வீட்டுக்குப் போகவா என்று வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். கடைசியில் அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார்கள். யோவாப் அவனைச் சண்டை மும்முரமான இடத்தில் நிறுத்துகிறான். கதை முடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகு ‘உமக்கு மட்டும்’ என்றால், உரியா எங்கே போனான்? பத்சேபாள் எங்கே?

இதற்குப் பதில்கள் உண்டு, நியாயமான பதில்கள்தான். ஒன்று: ராஜாவுக்கு மேலே மனித நீதிபதி யாரும் கிடையாது, அதனால் கடவுள் முன்னால் மட்டுமே அவர் குற்றவாளியாக நிற்க முடியும். இன்னொன்று: ஏழைக்குச் செய்த தீங்கு அவனைப் படைத்தவருக்கே செய்த தீங்கு, ஆகவே ‘உமக்கு’ என்பதற்குள் உரியாவும் அடக்கம். மூன்றாவது பதில் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பதினாலாம் வசனத்தில் இரத்தப்பழியிலிருந்து விடுவிக்கச் சொல்லி ஒரு கெஞ்சல் வருகிறது. எபிரேயத்தில் அந்த ‘இரத்தம்’ பன்மை. சிந்திய இரத்தத்தை, கொலைப்பழியைச் சொல்லும்போது அப்படித்தான் வரும். பெயர் சொல்லாமல் உரியா அங்கே எட்டிப் பார்க்கிறான் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஆக, பாட்டின் மேல் பழி போட வேண்டியதில்லை. பாட்டைக் கதையிலிருந்து கழற்றி எடுத்து, அதுதான் மனந்திரும்புதலின் முழு வடிவம் என்று நாம் வைத்துக்கொள்வதுதான் தப்பு.

அப்படி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பல இடங்களில் பார்க்கிறோம். சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர் நாலு வருஷம் கழித்து வந்து சபையில் கண்ணீரோடு சாட்சி சொல்லுவார். அல்லேலூயா சத்தம் கூரையைப் பிளக்கும். பணம் போனவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அவர் வாய் திறந்தால், “ஆண்டவரே மன்னிச்சிட்டாரு, நீங்க என்ன இன்னும் மனசுல வெச்சிக்கிட்டு” என்று அவருக்குத்தான் புத்தி சொல்லுவார்கள். தப்பு செய்தவருக்குப் புது வாழ்வு, ஏமாந்தவருக்கு ‘கசப்புள்ளவர்’ என்கிற பேர். பெண்டாட்டியை அடித்தவன் விஷயத்திலும் இதே கணக்குதான் ஓடுகிறது.

வேதாகமம் இந்தக் கணக்கை ஒத்துக்கொள்வதில்லை. நாத்தான் சொன்ன உவமையை மறுபடி பாருங்கள். ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்டு போய் விருந்து வைக்கிறான். அது தன் கதை என்று தெரியாமல் தாவீது கொதித்து, அவன் சாக வேண்டும், நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார். ஒரு ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமம் 22இல் உள்ள சட்டம். அதே ‘நாலத்தனை’ பல நூற்றாண்டு கழித்து, லூக்கா 19இல், வரி வசூலிக்கும் சகேயுவின் வாயில் வருகிறது. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப. இதைக் கேட்ட பிறகுதான் இயேசு, இந்த வீட்டுக்கு இன்று இரட்சிப்பு வந்தது என்கிறார். சகேயு அழுததாக லூக்கா எங்கும் எழுதவில்லை.

மத்தேயு 5இல் இன்னும் கறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போ, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வா. யூதர்களின் மிஷ்னாவும் இதையே சட்டமாகச் சொல்கிறது. பாவநிவாரண நாள் கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள பாவத்தைத் தீர்க்கும். அடுத்தவனுக்குச் செய்ததை, அவனைச் சமாதானப்படுத்துகிற வரைக்கும் அது தீர்க்காது.

தாவீதின் இடத்தில் நின்ற இன்னொரு ராஜாவும் உண்டு. கி.பி. 390இல் ரோமப் பேரரசர் தியோடோசியுஸின் படை தெசலோனிக்கே நகரத்தில் பெரும் படுகொலை செய்தது. மிலான் பேராயர் அம்புரோஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். தாவீதைத்தான் உதாரணம் காட்டினார். பேரரசர் எல்லாரும் பார்க்கப் பாவப்பரிகாரம் செய்தார். 5ஆம் நூற்றாண்டில் எழுதிய தியோதொரேத்து கூடுதலாக ஒன்று சொல்கிறார்: மரண தண்டனை உத்தரவு எதுவானாலும் முப்பது நாள் கழித்தே நிறைவேற வேண்டும் என்று ஒரு சட்டத்தை அம்புரோஸ் கேட்டு வாங்கினாராம். செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அடுத்த கோபத்தில் சாகப்போகிறவர்களுக்கு ஒரு மாச அவகாசம். மனந்திரும்புதல் ஒரு சட்டமாக வெளியே வந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

அப்படியானால் ஜெபம் எதற்கு என்று கேட்கலாம். பத்தாம் வசனத்தில் சுத்த இருதயத்தைச் ‘சிருஷ்டி’க்கும்படி கேட்கிற எபிரேய வினைச்சொல், ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் வானத்தையும் பூமியையும் படைத்ததற்கு வருகிற அதே சொல். பழையதைத் துடைத்துப் பளபளப்பாக்கச் சொல்லவில்லை, இல்லாத ஒன்றை உண்டாக்கச் சொல்கிறது. இந்த வேண்டுதல் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. ஏமாற்றியவன் ஏமாந்தவன் வீட்டு வாசலில் போய் நிற்க ஒரு புது இருதயம் நிச்சயமாக வேண்டும். அந்த இருதயத்தைக் கேட்கிற ஜெபம் இது. போய் நிற்பதற்குப் பதிலாகச் சொல்லிக்கொள்கிற ஜெபமாக அதை ஆக்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில், மத்தேயு எழுதிய இயேசுவின் வம்ச வரலாற்றைப் பாருங்கள். தாமார், ராகாப், ரூத் ஆகியோருக்குப் பெயர் இருக்கிறது. சாலொமோனின் தாயை மட்டும் ‘உரியாவின் மனைவி’ என்றே எழுதியிருக்கிறார். பத்சேபாளின் சொந்தப் பெயர் விடுபட்டது வருத்தம்தான். ஆனாலும் தாவீதுக்கு மன்னிப்புக் கிடைத்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும், மேசியாவின் பட்டியலிலேயே கொலையானவனின் பெயரை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். 51ஆம் சங்கீதத்தை அந்தப் பெயரோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.