கடுக்காய்க் கறுப்பு

ஏற்காட்டைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக்காடுகளுக்குக் கடுக்காய் புதிதல்ல. அதன் துவர்ப்புதான் கலம்காரித் துணியின் கறுப்புக்கு உயிர். மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில், கடுக்காயும் பாலும் ஊறிய துணியில் மர அச்சை ஒற்றுகிறார்கள். மை என்பது துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நாள்கணக்கில் புளித்த நீர். ஒற்றும்போது வெளிறித் தெரியும் கோடு, துவர்ப்போடு சேர்ந்ததும் கண்ணெதிரே கறுக்கிறது. தண்ணீர், வெயில், புளிப்பு எது மாறினாலும் கறுப்பும் மாறும். அந்த மாற்றமே எனக்கு இதன் அழகு. ரசாயன மை சீராக விழுமே என்பார்கள். விழும், மறுக்கவில்லை. இரும்பு மிஞ்சினால் நாளடைவில் நூலையே அரித்துவிடும் என்ற குறை அதைவிடக் கனமானது. அதற்கு விடை மையை மாற்றுவதல்ல, பக்குவம்: புளிப்பைப் பார்த்து மையை எடுப்பதும், ஓடும் நீரில் மிச்ச இரும்பு போகும்வரை துணியை அலசுவதும்.