நடை பயிலும் குழந்தை: எராஸ்மஸ் – லூதர் விவாதம் பற்றிய ஒரு நோக்கு

மனிதனின் மீட்பு கடவுள் ஒருவராலேயே நிகழ்வதா, அன்றி மனித சித்தத்துக்கும் அதில் பங்குண்டா என்னும் வினா கிறிஸ்தவ சிந்தனை வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்ததொன்றாகும். ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் பெலேஜியஸை மறுத்தெழுதியதும் இவ்வினா குறித்தே. பதினாறாம் நூற்றாண்டில் அது நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸுக்கும் ஜேர்மனியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்குமிடையே புத்துயிர் பெற்றது. 1524இல் எராஸ்மஸ் சுயாதீன சித்தம் பற்றி இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் லூதர் அடிமைப்பட்ட சித்தம் பற்றிய தமது நூலால் அதற்கு விடையிறுத்தார். எதிரெதிரான இவ்விரு நூல்களிலும் ஒரே உவமை இடம்பெறுகிறது. நடக்கவியலாத குழந்தையும் அதன் அருகில் நிற்கும் பெற்றோருமே அவ்வுவமை. அதனை இருவரும் கையாளும் முறையை நோக்கின் விவாதத்தின் உட்கிடை தெளிவாகும்.

எராஸ்மஸ் உறுதியான முடிபுகளை விதிக்க விரும்பியவரல்லர். வேதாகமத்தில் தெளிவற்ற இடங்கள் உள. அவற்றைப் பொதுமக்கள் முன் வாதிடுவதால் பக்தி வளராது என்பது அவர் எண்ணம். ஆயினும் ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மனிதனுக்குத் தெரிவு இல்லையெனின் கட்டளைக்கும் கண்டனத்துக்கும் வெகுமதிக்கும் பொருளில்லை. இயலாததைச் செய்யாமைக்காகத் தண்டிப்பவரை நீதியுள்ளவர் என எவ்வாறு கொள்வது? இதற்கு விடையாகவே நூலின் இறுதிப்பகுதியில் குழந்தை வருகிறது. நடை பயிலாத குழந்தை விழுந்துவிடுகிறது. தந்தை அதனைத் தூக்கி நிறுத்தி எதிரே ஓர் அப்பிளைக் காட்டுகிறார். குழந்தை அதனை நோக்கிச் செல்ல விழைகிறது. தந்தை கைகொடுத்து, அடிகளை நடத்தி, ஈற்றில் கனியையும் அதன் கையில் வைக்கிறார். தன் முயற்சியாற் பெற்றதாகக் குழந்தை பெருமை கொள்ளவியலாது. எனினும் அது எதுவுமே செய்யவில்லை என்பதற்குமில்லை.

பேறுபலன் என்னும் கருத்தை முற்றாகக் கைவிடாமலும், அதனைக் கடவுளிடம் உரிமையோடு கேட்கும் கூலியாக்காமலும் காக்க முயன்ற அழகிய உவமை இது. ஆனால் இது அவரது வரைவிலக்கணத்தோடு பொருந்தவில்லை. சுயாதீன சித்தமென்பது மீட்புக்குரியவற்றை மனிதன் நாடவோ விட்டு விலகவோ வல்ல ஆற்றல் என அவர் வரையறுத்தார். அவ்வரையறையில் அருளுக்கு இடமில்லை. உவமையிலோ தந்தையின் கை இன்றி ஓரடியும் இல்லை. இவ்வுள்முரணை லூதர் தவறாது பற்றிக்கொண்டார்.

லூதரின் குழந்தை வேறொரு பணிக்கு வருகிறது. 'தெரிந்துகொள்', 'மனந்திரும்பு' என வேதாகமம் ஏவுவதால் மனிதனுக்கு அதற்கான ஆற்றல் உண்டென எராஸ்மஸ் வாதித்தார். ஏவல் கடமையை உணர்த்துமேயன்றி ஆற்றலை உணர்த்தாது என்பது லூதரின் மறுப்பு. பெற்றோர் சிலவேளை குழந்தையை 'வா' என அழைப்பது, அதனால் வரவியலாது என்பதை அதுவே உணர்ந்து தம் உதவியை நாடும்பொருட்டே என்கிறார் அவர். எனவே கட்டளையின் பயன் இயலாமையை அறிவித்தலாகும். உண்ணல், உடைமையை ஆளல் போன்ற கீழ்நிலை விடயங்களில் மனிதனின் தெரிவை லூதர் மறுக்கவில்லை. மீட்பைப் பொறுத்தமட்டிலேயே மறுத்தார்.

மனிதனின் பங்கை 'மிகச் சிறிது' எனக் குறைத்தால் இணக்கம் பிறக்குமென எராஸ்மஸ் கருதினார். லூதருக்கோ அச்சிறிதே பெரிது. மீட்பைத் தீர்மானிப்பது அச்சிறு பங்காயின், இறுதியில் யாவும் அதிலேயே தங்கும். அன்றியும், சிறு முயற்சிக்கு அருள் கிட்டுமென்பது அருளை மலிவாக்குவதாகும். இவ்வாதத்தின் பின்னே ஒரு துறவியின் அனுபவம் நிற்கிறது. சுயாதீன சித்தம் தரப்படினும் தாம் அதனை ஏற்க விரும்பார் என லூதர் எழுதினார். எவ்வளவு செய்தால் போதும் என்பதை மனச்சாட்சி ஒருபோதும் அறியாது. மீட்பு கடவுளின் கையில் இருந்தால் மட்டுமே மனம் ஆறும்.

ஆயினும் லூதர் தரும் ஆறுதலும் முழுமையானதன்று. பாவியின் மரணத்தை விரும்பாத, வெளிப்பட்ட கடவுளுக்கு அப்பால், ஆராயவொண்ணாச் சித்தமுடைய மறைந்த கடவுளையும் அவர் பேசுகிறார். சிலருக்கு அருள் கிட்டாமை அச்சித்தத்தைச் சார்ந்ததெனின், தாம் எப்பக்கம் என்ற அச்சம் மீண்டும் தலைதூக்காதா? அவருடைய உவமையில் வரும் பெற்றோர், ஒரு குழந்தையைத் தூக்கி மற்றதைத் தரையில் விட்டுச் செல்பவரல்லர். லூதரின் உவமை அவரது கொள்கையினும் கனிவானது எனலாம்.

பிற்காலத்தவர் இரு குறைகளையும் உணர்ந்தனர். லூதரின் தோழர் மெலாங்தன் தம் பிற்கால எழுத்துக்களில் இசையும் சித்தத்துக்கும் இடமளித்தார். 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம், சித்தம் நலிந்ததேயன்றி அழிந்ததன்று என விதித்தது. 1999இல் அவுக்ஸ்பேர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலக சம்மேளனமும் கைச்சாத்திட்ட கூட்டுப் பிரகடனத்தில், மனித ஒத்துழைப்பும் அருளின் விளைவே எனக் கத்தோலிக்கர் விளக்கினர். விசுவாசத்தில் மனிதன் முழுமையாக ஈடுபடுவதை லூதரன் தரப்பினர் மறுக்கவில்லை.

இருவரும் ஒவ்வொரு வினாவை ஒத்திவைத்தனர் என்பதே இங்கு நோக்கற்பாலது. கடவுளின் நீதியைக் காக்க முனைந்த எராஸ்மஸ், அருளுக்கும் சித்தத்துக்குமுள்ள உறவைத் தெளிவற்றதென விட்டுவைத்தார். அவ்வுறவைத் துணிந்து உரைத்த லூதர், கடவுளின் நீதி மறுமையின் மகிமை ஒளியிலேயே விளங்குமென விட்டுவைத்தார். ஒருவர் விட்ட வினாவையே மற்றவர் விடாது பற்றிநின்றார். ஆதலால் இந்நூல்களுள் ஒன்றை மட்டும் பயில்வோர் விவாதத்தின் ஒரு பாதியையே காண்பர்.